சிறைக்கூடத்திலிருந்து ஒலிம்பிக் அரங்கு வரை

ஊர்த் திருவிழாவில் அசனம் நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். கரண்டி பிடித்துப் பரிமாறுகிறவர் ஒரு பக்கம் நிற்பார். பந்தலுக்கு வெளியே வெயிலில் அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர் மறு பக்கம் நிற்பார். அண்டாவில் எவ்வளவு சோறு மீதி இருக்கிறது, இன்னும் எத்தனை பந்தி போக வேண்டும் என்ற கணக்கு பரிமாறுகிறவருக்குத் தெரியும். காத்து நிற்பவருக்குத் தம் வயிறு மட்டுந்தான் தெரியும். ஒருவரே இரண்டு பக்கமும் நின்று பார்ப்பது அபூர்வம். அப்படி நின்று பார்த்த ஒருவரின் வாழ்க்கையை இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. அவர் நம் நாட்டவர் அல்லர். நம் சபையினரும் அல்லர். ஆங்கிலிக்கன் பள்ளியில் படித்து வளர்ந்தவர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துக்காரர். பெயர் வில்பிரட் கென்ட் ஹியூஸ்.

1895-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மெல்போர்னில் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். தாயார் செவிலியராகப் பணியாற்றியவர். வசதியான குடும்பம். பிள்ளைகளைப் படிக்க வைப்பதிலும் ஓட, ஆட, நீந்தப் பழக்குவதிலும் குறை வைக்காத வீடு. அவருடைய சகோதரிகளில் ஒருவரும் மருத்துவரானார். வில்பிரட் படிப்பிலும் கெட்டி, ஓட்டத்திலும் கெட்டி. இவ்விரண்டும் ஒருசேர அமைந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பும் ரோட்ஸ் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. ஆனால் கப்பல் ஏற வேண்டிய நேரத்தில் முதல் உலகப்போர் மூண்டுவிட்டது. ஆக்ஸ்போர்டை ஒத்திவைத்துவிட்டு, 1914 ஆகஸ்டிலேயே சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது வயது 19.

கல்லிப்போலி கடற்கரையில் துருக்கியரை எதிர்த்துப் போரிட்ட ஆஸ்திரேலியக் குதிரைப்படையின் மூன்றாம் பிரிகேடுக்குத் தலைவர் அவருடைய உறவினரே. பெரிய பதவியிலிருந்த ஹியூஸ் குடும்பத்துப் பெரியவர். அந்தப் பிரிகேடில் இவர் பணிபுரிந்தார். பின்னர் சினாய்ப் பாலைவனம், பாலஸ்தீனம். போர் முடியும்போது மேஜர். மிலிட்டரி கிராஸ் என்னும் வீரப்பதக்கமும் மார்பில் இருந்தது. பாலஸ்தீனத்துப் படையெடுப்பைப் பற்றி ஒரு நூலும் எழுதி வெளியிட்டார்.

பட்டாளத்தில் அவர் எந்தப் பிரிவில் தேறினார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு அது நமக்குத் தேவைப்படும். துப்பாக்கி சுடுகிறவர்களைத்தான் நாம் வீரர் என்போம். ஆனால் அவர்களுக்கு ரொட்டியும், குதிரைகளுக்குத் தீவனமும், எல்லாருக்கும் தண்ணீரும் வந்து சேரவில்லையென்றால் மூன்றாம் நாள் படை கலைந்துவிடும். பாலைவனத்தில் கேட்கவே வேண்டாம். இந்தச் சரக்கு, உணவு, வண்டி ஏற்பாடுகளைக் கவனிப்பதுதான் குவார்ட்டர்மாஸ்டர் பிரிவு. கென்ட் ஹியூஸ் அதன் அதிகாரி. ஆயிரம் பேருக்கு என்ன வேண்டும், எங்கிருந்து வரும், எத்தனை நாளில் வரும் என்று கணக்குப் போட்டு வைப்பதே அவர் தொழிலாயிற்று. பிறகு அவர் ஏற்ற பொறுப்புகளும் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு சேர்ந்தவையே.

போருக்குப்பின் 1919-இல் ஆக்ஸ்போர்டு சென்றார். மறு ஆண்டே, பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்காக ஓடினார். பதக்கம் எதுவும் வரவில்லை. ஆனால் அந்த 1920 ஒலிம்பிக்கை வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வளையங்கள் கொண்ட கொடி ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பறந்தது அங்கேதான். அதே பந்தயத்துக்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா, துருக்கி ஆகிய ஐந்து நாடுகளுக்கு அழைப்பே போகவில்லை. போரில் தோற்றவர்கள் என்பதே காரணம். ஐந்து வளையக் கொடியின் கீழே ஐந்து நாடுகளுக்கு இடமில்லை! போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத காலம். பெல்ஜியத்து மண்ணில் ரத்தம் காயவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை.

1923-இல் எடித் கெர் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணந்து மெல்போர்ன் திரும்பினார். மூன்று பெண் மக்கள். 1927-இல் விக்டோரியா மாநிலச் சட்டமன்றத்துக்குக் கியூ தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தத் தொகுதி 22 ஆண்டு அவர் கையைவிட்டுப் போகவில்லை.

இனிச் சொல்லப்போவது அவருக்குப் பெருமை தருவதன்று. நினைவு மலர்களில் இறந்துபோனவர்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது நம் வழக்கம். ஆனால் இந்தப் பகுதியை மறைத்துவிட்டால் பிற்பகுதி விளங்காது.

1930-ஐ ஒட்டி உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்தது. ஆஸ்திரேலியாவில் கோதுமையும் கம்பளியும் விலை போகவில்லை. ஆலைகள் மூடப்பட்டன. 1932-இல் தொழிற்சங்க உறுப்பினர்களில் நூற்றுக்குச் சுமார் 29 பேருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு விக்டோரியாவில் ஆர்கைல் தலைமையில் அமைந்த அரசில் வேலையில்லாதவர்களுக்கு உணவு உதவி வழங்கும் துறை கென்ட் ஹியூஸிடம் ஒப்படைக்கப்பட்டது. பசித்தவர்களுக்கு அளந்து கொடுக்கும் அமைச்சர் என்றே அவரைச் சொல்லலாம். அவரும் பட்டாளத்துக் கணக்கோடுதான் அந்த வேலையில் இறங்கினார். சும்மா இருப்பவனுக்குச் சோறு போட்டால் அவன் கெட்டுப்போவான். உதவி வேண்டுமென்றால் அதற்கு ஈடாக அரசு காட்டும் வேலையைச் செய்தாக வேண்டும் என்பது அவர் கொள்கை. வேலையில்லாதவர்களோ இதை அவமானமாக எண்ணினார்கள். கொடுக்கிற அளவு குடும்பத்துக்குப் போதவில்லை, அதற்கும் மண் வெட்டச் சொல்கிறார்களே என்பது அவர்கள் மனத்தாங்கல். 1933-இல் வேலைநிறுத்தமே நடந்தது. அமைச்சரின் பெயரைக் கேட்டாலே ஏழைக் குடியிருப்புகளில் முகம் சுளித்தார்கள்.

அவர் கெட்ட எண்ணத்தோடு நடந்தார் என்று சொல்ல நான் துணியவில்லை. கஜானாவில் பணமும் இல்லை. அவர் பரிமாறுகிற பக்கத்தில் நின்றார், அண்டாவின் கணக்கு அவருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதே 1933-இல் இன்னும் மோசமான காரியம் ஒன்று செய்தார். மெல்போர்ன் நாளிதழ் ஒன்றில், தாம் பாசிசக் கொள்கையை ஏற்றுக்கொண்டுவிட்டதாகக் கட்டுரைகள் எழுதினார். சீருடைச் சட்டை மட்டுந்தான் அணியவில்லை, மற்றபடி தாம் பாசிஸ்டு என்பதே அவற்றின் சாரம். இத்தாலியில் முசோலினி ரயிலும் சாலையும் ஒழுங்காக நடத்துகிறார் என்று மயங்கிய பெரிய மனிதர்கள் அக்காலத்தில் பல நாடுகளில் இருந்தார்கள். இவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். கட்டுப்பாடு, ஒழுங்கு, உத்தரவு என்று இளமை முழுவதும் பட்டாளத்தில் பழகிய மனிதருக்கு, நாட்டையும் அப்படியே நடத்திவிடலாம் என்ற ஆசை வந்தது போலும். உத்தரவு போடுகிறவன் கையில் தடியும் இருந்து, தட்டிக் கேட்க ஆளும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அவர் நேரில் காணப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும், நாற்பது வயதைத் தாண்டிய பிறகும், சட்டமன்றப் பதவியோடு மீண்டும் பட்டாளத்துக்குப் போனார். ஆஸ்திரேலியாவின் எட்டாம் டிவிஷனில் அதே பழைய வேலை: உணவு, சரக்கு, வண்டி. 1941-இல் அந்தப் படை மலாயாவுக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் வடக்கே கரையிறங்கி, சைக்கிள்களிலும் நடந்தும் தீபகற்பம் முழுவதையும் இரண்டே மாதத்துக்குள் உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. அன்று ஆங்கிலேயர், இந்தியர், ஆஸ்திரேலியர் என்று சுமார் 80,000 பேர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 15,000 பேர் ஆஸ்திரேலியர். டிவிஷனின் தலைமைத் தளபதி அன்றிரவே தப்பிக் கடல் தாண்டிப் போய்விட்டார். அது சரியா தவறா என்று ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் வழக்காடினார்கள். கென்ட் ஹியூஸ் தம் ஆட்களோடு சாங்கி முகாமுக்கு நடந்தார்.

மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இந்த ஆண்டுகளைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆஸ்திரேலியர் 22,000-க்கு மேல். அவர்களில் 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மூவரில் ஒருவருக்கும் அதிகம்.

கென்ட் ஹியூஸ் மரண ரயிலுக்குப் போகவில்லை. கர்னல் பதவியும் அதற்கு மேற்பட்ட பதவியும் உடைய அதிகாரிகளை, சிப்பாய்களிடமிருந்து பிரித்து வைக்க ஜப்பானியர் முடிவு செய்தார்கள். 1942 ஆகஸ்டில் அவர்களைக் கப்பலின் அடித்தட்டில் அடைத்து, இன்று தைவான் என்று வழங்கும் பார்மோசா தீவுக்குக் கொண்டு போனார்கள். சிங்கப்பூரைச் சரண்கொடுத்த தளபதி பெர்சிவல், சிங்கப்பூர் கவர்னர் ஷென்டன் தாமஸ், பிலிப்பைன்ஸில் பிடிபட்ட அமெரிக்கத் தளபதி வெயின்ரைட் என்று பெரிய பெரிய தலைகளெல்லாம் அங்கே ஒரே முகாமில் இருந்தார்கள். நேற்றுவரை ஒரு சொல்லில் ஆயிரமாயிரம் பேரை நகர்த்தியவர்கள், இன்று காலையும் மாலையும் வரிசையில் நின்று ஜப்பானிய மொழியில் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். சாதாரணக் காவற்காரனுக்கும் தலை வணங்க வேண்டும். தவறினால் கன்னத்தில் அறை. தளபதி வெயின்ரைட்டே அறை வாங்கினார் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

உணவு என்பது கொஞ்சம் சோறு, அதற்குக் கீரைத் தண்ணீர் போன்ற ஒரு சூப். உடல் வற்றிய கிழட்டுத் தளபதிகள் சோற்றுப் பருக்கைகளைக் கணக்கிட்டார்கள். இந்த நிலையில் முகாம் அதிகாரிகள் ஒரு யோசனை சொன்னார்கள். தோட்டத்தில் மண் வெட்டவும் ஆடு மேய்க்கவும் தாங்களாகவே முன்வருகிறவர்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் உணவு கிடைக்கும். மாட்டேன் என்றால் கிடைக்காது.

இதைப் படிக்கும்போது எனக்கு 1933 நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல, அதை நான் அறிவேன். ஒன்று வாக்குப்பெட்டியால் அமைந்த அரசு, எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய இடம் கொடுத்த அரசு. மற்றது முள்வேலிக்குள் துப்பாக்கி முனையில் நடந்த காரியம். ஆனாலும் வேலை செய்தால்தான் சோறு என்ற சட்டத்தை எழுதியவர், மண்வெட்டியும் காலி வயிறுமாக அதே சட்டத்தின் மறுபக்கத்தில் நின்றார். வாழ்க்கை சில சமயம் நாம் எழுதிய தாளைத் திருப்பி நம் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

சிறையில் அவர் சோர்ந்து உட்காரவில்லை. எழுதினார். அதுவும் செய்யுளாக! தாம் கண்டதை, பட்டதை, சரணாகதியை, பசியை, அவமானத்தை ஒரு நெடும்பாட்டாக அமைத்தார். அது 1946-இல் நூலாக வெளிவந்தது. அதன் பெயர் சாமுராய்களின் அடிமைகள் என்று பொருள்படும். கவிதை என்ற முறையில் அதற்கு மெத்தப் புகழ் இல்லை. ஆனால் பெயரைக் கொண்டே அதில் உள்ள கசப்பின் அளவை அறியலாம்.

1944 அக்டோபரில் கைதிகளைப் பார்மோசாவின் வெப்பத்திலிருந்து மஞ்சூரியாவின் உறைபனிக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. முக்டென் முகாமில் அமெரிக்கர் சிலர் பாராசூட்டில் வந்து குதித்தார்கள். சில நாளில் ரஷ்யப் படையும் வந்து சேர்ந்தது. மூன்றரை ஆண்டுச் சிறை முடிந்தது. கென்ட் ஹியூஸுக்கு அப்போது வயது 50. அவர் முள்வேலிக்குள் இருந்த காலம் முழுவதும் கியூ தொகுதி மக்கள் அவரையே தங்கள் உறுப்பினராக வைத்திருந்தார்கள். உயிரோடு திரும்புவாரா என்று தெரியாத ஒருவருக்காக நாற்காலியைக் காலியாக வைத்திருந்த அந்த வாக்காளர்களையும் இங்கே நினைக்க வேண்டும்.

திரும்பியதும் மாநில அமைச்சராகிப் போக்குவரத்து முதலிய துறைகளைப் பார்த்தார். 1949 டிசம்பரில் சிசோம் தொகுதியிலிருந்து ஆஸ்திரேலியப் பாராளுமன்றத்துக்குச் சென்றார். 1951 முதல் பிரதமர் மென்சீஸின் அரசில் உள்நாட்டுத் துறைக்கும், கட்டுமானம் மற்றும் வீட்டுவசதித் துறைக்கும் அமைச்சர். அதே 1951-இல் இன்னொரு பொறுப்பும் அவர் தலையில் ஏறியது. மெல்போர்ன் ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தலைவர் பதவி அது.

1949 ஏப்ரலில் ரோம் நகரில் நடந்த வாக்கெடுப்பில், 21-க்கு 20 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸை வென்று 1956 ஒலிம்பிக்கை மெல்போர்ன் பெற்றிருந்தது. பூமியின் தென்பாதியில் ஒலிம்பிக் நடப்பது அதுவே முதல் தடவை. ஆனால் பெற்ற நாள் முதல் சண்டை. அரங்கு எங்கே என்பதில் கட்சிக்கு ஓர் இடம், சங்கத்துக்கு ஓர் இடம் என்று இழுத்தார்கள். கார்ல்டன் மைதானம் என்று ஒருமுறை முடிவாயிற்று. பிறகு அதுவும் இல்லை என்றாயிற்று. கிரிக்கெட் மைதானத்தைக் கேட்டால் அங்கே இருந்தவர்கள் தங்கள் புல்தரையைத் தொடக்கூடாது என்றார்கள். மக்களுக்கு வீடில்லாத நேரத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு எதற்குப் பணம் என்று மாநில அரசு கேட்டது. அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை. கடைசியில் 1953-இல் பிரதமரும் மாநில முதல்வரும் சேர்ந்து உட்கார்ந்து, கிரிக்கெட் மைதானமே அரங்கு என்று முடிவு செய்தார்கள். ஒரு கோயில் மண்டபம் கட்ட முனைந்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது.

அடுத்த இடி வேறு திசையிலிருந்து வந்தது. வெளிநாட்டுக் குதிரைகளை ஆறு மாதம் தனித்து வைக்காமல் உள்ளே விட ஆஸ்திரேலியச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே குதிரைப் பந்தயங்களை மட்டும் 1956 ஜூனில் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நடத்த வேண்டியதாயிற்று. 1955 ஏப்ரலில் சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் ஆவரி பிரண்டேஜ் நேரில் வந்து பார்த்தார். இவர் அமெரிக்கக் கட்டடக் காண்டிராக்டர்; செங்கல்லும் சிமெண்டும் அறிந்தவர். பாதி கட்டிக் கிடந்த அரங்கைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வெளுத்து வாங்கிவிட்டார். பந்தயத்தை ரோம் நகருக்கு மாற்றிவிடலாமா என்ற பேச்சும் அடிபட்டது.

கென்ட் ஹியூஸ் இதற்கெல்லாம் அசரவில்லை. அவர் பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தால் கெட்ட காரியமும் உண்டு. பந்தயக் காட்சிகளைப் படமெடுக்கும் உரிமைக்குக் கட்டணம் வேண்டும் என்று அமைப்பாளர்கள் ஒரே நிலையில் நின்றதால், வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. உலகில் பலர் அந்த ஒலிம்பிக்கைத் திரையில் காண முடியாமற் போயிற்று. ஆனால் கட்டட வேலை முடிந்தது. ஹைடல்பர்க் பகுதியில் வீரர்கள் தங்குவதற்காக எழுந்த 800-க்கு மேற்பட்ட குடியிருப்புகள், பந்தயம் முடிந்ததும் வீடில்லாத எளிய குடும்பங்களுக்குப் போய்ச்சேரும் விதமாக அரசின் வீட்டு வசதித் திட்டத்தில் கட்டப்பட்டவை. ஏழைக்கு வீடா, ஓட்டக்காரனுக்கு அரங்கா என்ற கேள்விக்கு ஓரளவு விடை அதில் கிடைத்தது. அந்தக் கிராமத்தில் பல நாட்டாரின் நாவுக்கேற்பத் தனித்தனிச் சமையலறைகள் அமைத்து, வெளிநாட்டுச் சமையற்காரர்களையும் வரவழைத்தார்கள். பசியறிந்த குவார்ட்டர்மாஸ்டர் தலைமையிலிருந்த குழு சாப்பாட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே அவருக்குச் சொந்தத்தில் ஓர் அடி விழுந்தது. கிழக்கு ஆசிய விவகாரங்களில் அரசின் கொள்கைக்கு மாறாக 1955-இல் வெளிப்படையாகப் பேசியதன் விளைவாக, 1956 ஜனவரியில் மென்சீஸ் அவரை மந்திரிசபையிலிருந்து விலக்கிவிட்டார். ஒலிம்பிக் ஆண்டு பிறந்தபோது அவர் பதவியிழந்த மனிதர். குழுத் தலைமையை மட்டும் விடவில்லை.

அந்த ஆண்டின் இறுதி எப்படிப்பட்டது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அக்டோபர் கடைசியில் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின்மேல் படையெடுப்பு. நவம்பர் தொடக்கத்தில் ஹங்கேரி மக்களின் எழுச்சியை ரஷ்ய டாங்கிகள் நசுக்கின. எகிப்து, ஈராக், லெபனான் வரமாட்டோம் என்றன. ஹங்கேரிக்காக ஹாலந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து விலகின. பார்மோசாவுக்கு அழைப்பு போனதற்காகச் செஞ்சீனமும் விலகியது. இத்தனைக்கும் பிறகு 67 நாடுகள் வந்தன. நவம்பர் 22-ஆம் நாள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்த கிரிக்கெட் மைதானத்தில் எடின்பரோ கோமகன் பந்தயங்களைத் தொடங்கி வைத்தார். ரான் கிளார்க் என்னும் 19 வயது ஓட்டக்காரர் தீபம் ஏற்றினார்.

அணிவகுத்து வந்த நாடுகளில் ஜப்பானும் ஒன்று. முக்டென் முகாமின் கதவு திறந்து பதினோராண்டுதான் ஆகியிருந்தது. மெல்போர்ன் தெருக்களில் கணவனை, மகனை ஜப்பானியச் சிறையில் பறிகொடுத்த பெண்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். 1948-இல் லண்டனில் நடந்தபோது ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அழைப்பு இல்லை, ஆண்ட்வெர்ப் போலவே. இப்போதோ, தோற்றவர்களை விலக்கி வைத்த பந்தயத்தில் ஓடிய ஒருவர், தம்மைச் சிறைவைத்த நாட்டின் பிள்ளைகளை விருந்தாளிகளாக வரவேற்கும் இடத்தில் இருந்தார். சாமுராய்களின் அடிமைகள் என்று நூல் எழுதிய அதே மனிதர். அந்தப் பிள்ளைகள் நான்கு தங்கப்பதக்கம் வென்று போனார்கள்.

நம் நாட்டுக்கும் அங்கே நல்ல நாட்கள் வாய்த்தன. ஹாக்கி இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. கால்பந்தில் நெவில் டிசூசா மூன்று கோல் போட, போட்டி நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று தோற்கடித்து அரையிறுதிக்குச் சென்றது. கடைசியில் நான்காம் இடம். மாலையில் பந்து விளையாடும் நம் பங்கு இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் 6-ஆம் நாள் ஹங்கேரியும் ரஷ்யாவும் நீர்ப்பந்து ஆடியபோது தண்ணீருக்குள்ளேயே அடிதடியாகி, ஹங்கேரி வீரர் ஒருவர் முகத்தில் ரத்தம் வழிய வெளியே வந்தார். பார்வையாளர் கொதித்தெழுந்தனர். நிறைவு விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. உலகத்துப் பகையெல்லாம் அரங்குக்குள்ளும் வந்துவிட்டதே என்று எல்லாரும் கலங்கினர்.

அந்த நாட்களில் கென்ட் ஹியூஸுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் ஜான் இயன் விங் என்னும் 17 வயதுப் பையன். மெல்போர்னில் பிறந்த சீன வமிசத்தவன், தச்சுவேலை பழகிக்கொண்டிருந்தவன். அதுவரை நிறைவு விழாவில் வீரர்கள் அணிவகுப்பது வழக்கமில்லை. எல்லா வீரர்களும் நாடு, கொடி என்ற பிரிவில்லாமல், வரிசையும் இல்லாமல், கலந்து நடந்து வரட்டும். அந்தச் சில நிமிஷங்களுக்கு உலகம் ஒரே நாடாக இருக்கட்டும் என்பது அவன் யோசனை.

நினைத்துப் பாருங்கள். இரண்டு போர் கண்டவர், கட்டுப்பாடே உயிர் என்று வளர்ந்தவர், ஒருகாலத்தில் பாசிச ஒழுங்கில் மயங்கியவர். அவரிடம் ஓர் ஆசாரிப் பையன், அணிவகுப்பை வரிசையில்லாமல் நடத்துங்கள் என்கிறான். ஒலிம்பிக் நடைமுறைக்கும் அது மாறானது. கையில் இருப்பதோ இரண்டொரு நாள். குப்பைக்கூடையில் போட எல்லாக் காரணமும் இருந்தது. நம் சங்கங்களில் இப்படி ஒரு யோசனையோடு சிறுபிள்ளை வந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

அந்த யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார். சர்வதேசக் குழுவின் இசைவும் அவசரமாகப் பெறப்பட்டது. டிசம்பர் 8-ஆம் நாள் மாலை, சில நூறு வீரர் வீராங்கனைகள் நாட்டுக் கொடிகளின் பின்னே பிரிந்து நில்லாமல், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டும், கையசைத்தும், சிரித்தும் அரங்குக்குள் நடந்து வந்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது, பலர் அழுதார்கள். அன்று முதல் ஒலிம்பிக் நிறைவு விழாக்களில் வீரர்கள் கலந்து நடப்பது வழக்கமாகிவிட்டது. இன்றும் நடக்கிறது.

மறு ஆண்டு அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. மந்திரிப் பதவி மட்டும் திரும்பக் கிடைக்கவேயில்லை. பாராளுமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து, தமக்குச் சரியென்று பட்டதை, தம் கட்சித் தலைவர்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பேசிக்கொண்டிருந்தார். கம்யூனிசத்தின் கடும் எதிரி. சியாங் கை ஷேக்கின் சீன அரசுக்கு ஆஸ்திரேலியாவில் அவரைப் போல் வாதாடியவர் சிலரே. அந்த அரசு இருந்த இடம் எது? அவர் பட்டினியோடு மண் வெட்டிய அதே பார்மோசா தீவு. அவருடைய அரசியல் முழுவதையும் ஒப்புக்கொள்கிறவர்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. நானும் ஒப்புக்கொள்கிறவன் அல்லன்.

1970 ஜூலை 31-ஆம் நாள், தம் 75-ஆம் வயதில், சிசோம் தொகுதியின் உறுப்பினராக இருக்கும்போதே காலமானார்.

அவர் சேர்த்து வைத்திருந்த காகிதங்கள் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய நூலகத்துக்குப் போயின. அந்தக் கட்டுகளுக்குள், ஜான் இயன் விங் எழுதிய கடிதமும் இருக்கிறது.